பதினொரு சூடு

சத்தியமாகச் சொல்கிறேன். இந்த வாரம் எழுதப்போகும் ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். இரண்டு கண்ணால் பார்த்தது. கண்ணுக்கு எட்டாததை இரண்டு காதால் கேட்டது. போன வாரங்களில் அங்கே இங்கே கொஞ்சம் கூடிப்போயிருக்கலாம். ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார்: 'அடுக்களைப் புகையில் பல்லி இருமியது என்று எழுதினீர்களே, பல்லி இருமுமா?' இருமாது. தும்மியது. திருத்திக்கொள்ளவும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு வீட்டைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மகன் விறகும் கரியும் விற்கிறவன். தெரு அவனைக் கரிக்கடைக்காரன் என்கிறது. நானும் அப்படியே சொல்கிறேன். அவன் மனைவி, என் மருமகள், வீட்டின் பின்புறச் சாய்ப்பில் இருபது வருஷம் அடுப்பு ஊதி இருமலைச் சேர்த்துவைத்தவள். அவன் தங்கை அடுத்த தெருவில் இருக்கிறாள். வீடு வீடாகப் போய் விறகடுப்பை நிறுத்தி, கரண்ட் அடுப்பு வைத்துக் கொடுக்கும் திட்டத்தில் அவளுக்கு வேலை. தெருவில் அவள் பெயர் பொத்தான்காரி. காரணம் வருகிறது.

அண்ணன் விறகு விற்கிறான், தங்கை விறகடுப்பை அணைக்கிறாள். வெளியாள் வந்து எங்கள் குடும்பத்தில் சண்டை மூட்ட வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒருநாள் பொத்தான்காரி அந்தச் சாய்ப்புக்குள் எட்டிப் பார்த்து, "இது அடுக்களையா, சுடுகாடா?" என்று கேட்டுவிட்டாள். அன்றோடு அண்ணியும் நாத்தனாரும் நேருக்கு நேர் பேசுவது நின்றது. சொல்ல வேண்டியதை எங்கள் வீட்டுப் பூனையிடம் சொல்வார்கள். அது இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்ளும். யாருக்கும் எதையும் சொல்லாது. என்னைப் போல.

மூன்று மாதத்துக்கு முன் டாக்டர் மருமகளின் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வருஷம் புகையில நின்னீங்கன்னா அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல" என்றார். அதனால் கரண்ட் அடுப்பு வீட்டுக்கு வந்தது, மூன்று மாதச் சோதனைக்கு.

சோதனை என்றால் இப்படி. பழைய அடுப்பை இடிக்க மாட்டார்கள். அதன் பக்கவாட்டில் சட்டைப் பொத்தான் அளவு ஒரு கருவியை ஒட்டுவார்கள். பழைய அடுப்பு ஒருமுறை எரிந்து ஆறினால் பொத்தான் ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். திட்டத்தார் பாஷையில் அது ஒரு சூடு. மூன்று மாதத்தில் பத்துச் சூடு வரை மன்னிப்பு உண்டு. பதினொன்று ஆனால் கரண்ட் அடுப்பைப் பிடுங்கிக் காத்திருக்கும் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். புதியதன்மேல் உங்களுக்கு எவ்வளவு ஆசை என்று யாரும் கேட்பதில்லை. பழையதை விட்டீர்களா என்பதுதான் கேள்வி. சில கல்யாணங்களுக்கும் இப்படி ஒரு பொத்தான் ஒட்டலாம்.

அந்த மூன்று மாதத்தில் மருமகள் மட்டமாகப் படுத்துத் தூங்க ஆரம்பித்தாள். அதற்கு முன் நாலு தலையணையை அடுக்கி, ரயிலில் இடம் கிடைக்காதவள் மாதிரி உட்கார்ந்துதான் தூங்குவாள். பாத்திரங்களின் அடி வெளுத்தது. கறுப்பு என்று நாங்கள் நம்பியிருந்த பூனை இரண்டாம் மாதம் வெள்ளையாயிற்று. எனக்கு மட்டும் கரண்ட் அடுப்பில் காய்ந்த வெந்நீரின் சூடு தோலோடு நின்றுவிடுவதாக, முழங்கால் எலும்புக்கு இறங்காததாகத் தோன்றும். சொன்னால் கிழத்துக்குத் திமிர் என்பார்கள். சொல்லவில்லை.

சோதனை முடியும் புதன்கிழமைதான் இந்த வாரக் கதை. மாலை நாலு மணிக்கு மேற்பார்வையாளர் வந்து பொத்தானைப் படிப்பார்.

காலை ஒன்பதுக்கே பொத்தான்காரி வந்துவிட்டாள். பெரியவர்கள் பார்க்குமுன் தானே ஒருதரம் பார்த்துவிடுவது அவள் பழக்கம். சாய்ப்புக்குள் குனிந்து கையிலிருந்த கருவியைப் பொத்தானருகே காட்டினாள். கீச் என்றது. எண்ணைப் பார்த்தாள். இன்னொரு தரம் காட்டினாள்.

"பூனையே, பதினொண்ணு காட்டுது" என்றாள்.

பின்வாசலில் நின்ற மருமகளின் கையிலிருந்த கரண்டி அசையாமல் நின்றது. "பூனையே, மெஷின் பொய் சொல்லுதான்னு கேளு."

"மெஷினுக்கு அண்ணி நாத்தனார் கிடையாது, பூனையே. பொய் சொல்லி அதுக்கு என்ன ஆகணும்?"

"நான் இந்த அடுப்பைத் தொட்டு மூணு மாசமாச்சு."

"எல்லா வீட்லயும் இதையேதான் சொல்றாங்க, பூனையே. ஒரு வீட்ல அடுப்பு தானாவே பத்திக்குதாம். இன்னொரு வீட்ல செத்துப்போன மாமியார் வந்து பத்த வைக்கிறாங்களாம்."

"என் மாமியார் உசிரோட இருந்தப்பவே அடுப்புப் பக்கம் வந்ததில்லன்னு சொல்லு. அவங்க பொண்ணு மாதிரியே."

பூனை எழுந்து வெளியே போய்விட்டது. சண்டையைப் பாதியில் நிறுத்த முடியாதே. மீதியை இருவரும் தண்ணீர் வாளியிடம் சொன்னார்கள். வாளியில் சொன்னது சற்றுக் கனமாகவே இருந்தது. அதையெல்லாம் குடும்பப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

சத்தம் கேட்டுக் கரிக்கடைக்காரன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். பதினொன்று என்று கேட்டதும் அவன் முகம் விடிந்தது.

"அப்ப அடுப்பு போகுதா? போகட்டும். தெருவே சிரிக்குது. நேத்து ஒருத்தன் கடை வாசல்ல நின்னு கேக்கறான், 'உன் சரக்கு உன் பொண்டாட்டிக்கே பிடிக்கலையா'ன்னு."

மருமகள் மெதுவாகத் திரும்பினாள். "அதுக்குத்தான் நீங்களே பத்த வச்சீங்களா?"

"நானா?"

"அதுல மணி காட்டுதான்னு உங்க தங்கச்சியக் கேளுங்க."

பொத்தான்காரி கருவியைப் பார்த்தபடியே, "மத்தியானம் மூணுலேர்ந்து நாலுக்குள்ள" என்றாள்.

"மூணு மணிக்கு டீ குடிக்க வர்றது யாரு? அப்ப நான் முன்ரூம்ல தூங்குவேன்னு தெரிஞ்சது யாருக்கு? புகையே வராம அடுப்பெரிக்கத் தெரிஞ்சது இந்த வீட்ல யாருக்கு?"

"நல்ல கரி புகையாது. அது என் தப்பா? இத்தனை வருஷம் கரி போட்ட சோத்தைத்தான தின்னே?"

"சோறு போன எடம் தெரியல. கரி மட்டும் நெஞ்சுல இருக்கு. டாக்டர் படத்தைக் காட்டினாரே, உங்க கடை போர்டு மாதிரியே இருந்துச்சு."

"அடுப்புல ஒரு துளி சாம்பல் இல்ல, பாரு. எரிச்சவங்க சுத்தமா அள்ளி வச்சிருக்காங்க. நான் என்னைக்குச் சாம்பல் அள்ளியிருக்கேன்?"

அது உண்மைதான். அவன் தின்ற தட்டைக்கூட நகர்த்தியவன் இல்லை. உடனே மருமகளின் கண் நாத்தனாரின் தோள்பைக்குப் போயிற்று. வெளியே போகவும் வரவும் எந்த நேரமும் உரிமை உள்ளவள். அண்ணியைத் தெருவில் தலைகுனிய வைக்க ஒன்பது வருஷமாகக் காத்திருப்பவள். அந்தப் பார்வையைப் பூனை மூலம் அனுப்ப வேண்டியிருக்கவில்லை, நேராகவே போய்ச் சேர்ந்தது.

"மாமா," என்று மருமகள் என்னிடம் வந்தாள். "நீங்க சாய்ப்புப் பக்கந்தான உக்காந்திருப்பீங்க. யாராவது வந்ததைப் பார்த்தீங்களா?"

"வேற யாரும் வந்து நான் பார்க்கலம்மா" என்றேன்.

இவர்கள் கத்திக்கொண்டிருந்தபோது பொத்தான்காரி கருவியில் பட்டியலை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். கடைசியில், அதாவது முதல் வரியில், அவள் விரல் நின்றது. முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. கருவியைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு அந்த ஜிப் பிடிக்கவில்லை.

மத்தியானம் அவள் அண்ணன் கடைக்குப் போவதைப் பார்த்து நானும் பின்னாலேயே நடந்தேன். மூன்று தெரு. என் முழங்கால் இந்த மூன்று மாதமாக நன்றாகத் தேறியிருக்கிறது.

அந்தக் கடையில் நானும் முப்பது வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அப்போது தராசு ஒரு நிமிஷம் சும்மா நின்றதில்லை. இப்போது தெருவில் நாற்பது வீடு அடுப்பு மாறிவிட்டது. தராசின் இரண்டு தட்டுக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை கட்டிக் குட்டியும் போட்டிருக்கிறது. யாராவது ரெண்டு கிலோ கேட்டால் கரிக்கடைக்காரன் முதலில் சிலந்தியிடம் அனுமதி கேட்கிறான்.

"சித்தப்பா எதுக்கு வந்தாரு?" என்றான்.

"நிழலுக்கு" என்று சொல்லி ஒரு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

பொத்தான்காரி உட்காரவில்லை. "அண்ணா, நீதான் பத்த வச்சியா? நேராச் சொல்லு."

"இல்ல. கடையில நின்னுகிட்டுப் பொய் சொல்ல மாட்டேன். அவதான் வச்சிருப்பா. இருபது வருஷக் கை, சும்மா இருக்குமா?"

"முதல் சூடு மட்டும் மூணு மணிக்கு இல்ல. காலையில பதினொண்ணரைக்கு இருக்கு. பொத்தான் ஒட்டின அன்னைக்கே."

"அதுக்கென்ன?"

"அது நான்."

கரிக்கடைக்காரன் மூட்டை கட்டுவதை நிறுத்தினான்.

"பொத்தானை ஒட்டினதும் அதுக்கு உசிரு இருக்கான்னு பார்க்கக் கொதிக்கற தண்ணி டம்ளரை அது மேல அணைச்சு வைக்கணும். அதுவும் ஒரு சூடுன்னுதான் ஏறும். ஏறினதை அட்டையில எழுதிட்டா அப்புறம் கழிச்சிடுவாங்க. நான் எழுதல."

"எத்தனை வீட்டுக்கு ஒட்டியிருக்க. எப்படி மறந்தே?"

"டம்ளரை எடுக்கறப்ப உன் பொண்டாட்டி பூனைகிட்ட, 'வந்து ஒட்டிட்டுப் போறது பொத்தானா அட்டையா பாரு'ன்னா. அதுக்குப் பதில் சொல்ற அவசரத்துல அட்டையை மூடிப் பைல போட்டுட்டேன். நாற்பது வீட்ல இந்த ஒரு வீட்ல மட்டுந்தான் மறந்திருக்கேன்."

அவன் கணக்குப் போட்டான். அவனுக்குக் கணக்கு வரும். "அப்ப நிஜமாப் பத்துத்தான். அடுப்பு போகாது."

"நான் சொன்னாப் போகாது."

"சொன்னா உனக்கு?"

"வேலை நிரந்தரமாகறவங்க பட்டியல் இந்த மாசந்தான் போடறாங்க. ஆறு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன். அட்டை எழுதாதவ பேரு அதுல வராது."

"அப்ப என்ன யோசனை?" என்று அவன் குரல் திடீரென்று அன்பாகிவிட்டது. "வாயைத் தொறக்காத. அவன் படிப்பான், தூக்குவான், போயிடுவான். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"அண்ணிக்கு?"

"அவளுக்கு நல்ல கரியாத் தரேன்."

பொத்தான்காரி தோள்பையை மாட்டிக்கொண்டாள். "அம்மா உன்னைப் பத்தி ஒண்ணு சொல்வாங்க" என்றாள்.

"என்ன?"

"நல்லவேளை, அவங்க போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மூன்றரை மணிக்கு அவன் ஒரு கரி மூட்டையைத் தானே தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். சாய்ப்பு வாசலில் தொப்பென்று போட்டான். இருபது வருஷத்தில் வீட்டுக்கென்று அவன் மூட்டை தூக்கியது அன்றுதான்.

"எதுக்கு இது?" என்றாள் மருமகள்.

"சாயங்காலம் சமைக்க வேணாமா?"

"நீங்க சமைங்க. நான் உக்காந்து இருமறேன்."

நாலு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னால் வெளியே வண்டி நின்றது. மேற்பார்வையாளர் ஒல்லியான மனிதர். பையில் மூன்று பேனா. கதவு திறந்திருந்தும் தட்டினார். உட்காரச் சொன்னதும் நின்றார். பொத்தான்காரி அவருக்குப் பின்னால் வந்து சுவரோரம் நின்றுகொண்டாள்.

சாய்ப்பில் கீச் என்ற சத்தம் கேட்டது.

"பதினொண்ணு" என்றார் அவர். "அதுவும் பெரும்பாலும் ஒரே நேரம். மேடம், எங்களை ஏமாத்தலாம், பொத்தானை ஏமாத்த முடியாது. காத்திருக்கிற வீடு முப்பத்தாறு."

"நான் எரிக்கல, சார்."

"அப்ப யாரு?"

மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவன் தங்கையைப் பார்த்தான். தங்கை மருமகளைப் பார்த்தாள். அந்த முக்கோணத்தின் நடுவே நின்றிருந்தால் கரியே தேவையில்லை, வெந்திருப்பீர்கள்.

மேற்பார்வையாளர் என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, மூணு மணிக்கு நீங்க எங்க இருப்பீங்க?"

"முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் குடுத்துக்கிட்டிருப்பேன் சார். அந்த நேரத்துல நான் தலையைத் தூக்கறதே இல்ல."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். 'சாட்சி இல்லை' என்று எழுதினார். எனக்குத் தலைகீழாகப் படிக்க வரும்.

"சரி, அடுப்பைக் கொண்டு வாங்க. கம்பியெல்லாம் சுத்தி ஒரு பைல போட்டுக் குடுத்தாப் போதும்."

மருமகள் உள்ளே போனாள். பை கொண்டுவரவில்லை. அடுப்பு வந்த அதே அட்டைப் பெட்டியைத் தூக்கி வந்தாள். உள்ளே வெள்ளைத் தெர்மகோல் துண்டு நாலும் அந்தந்த மூலையில். அடுப்பின் கண்ணாடி துடைத்து, வந்த அன்று அதன்மேல் இருந்த பிளாஸ்டிக் உறைகூடத் திரும்பப் போடப்பட்டிருந்தது. கயிறு சீராகக் கட்டியிருந்தது. இவ்வளவையும் மூன்று மாதமாகப் பரண்மேல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். அந்த வீட்டில் தனக்கென்று வந்தது எதுவும் நிலைக்கும் என்று அவள் ஒருநாளும் நம்பியதில்லை போலிருக்கிறது.

பெட்டியைத் தரையில் வைத்தபோது அவளுக்கு இருமல் வந்தது. சின்ன இருமல்தான்.

பொத்தான்காரி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏதோ கெட்ட நாற்றம் அடித்ததுபோல் மூக்கைச் சுளித்தாள்.

"சார், முதல் சூடு என்னுது."

"என்னது?"

"ஒட்டின அன்னைக்குச் சோதனைக்கு வச்ச வெந்நீர். அந்தச் சூட்டோட நேரத்தையும் நான் கையெழுத்துப் போட்ட நேரத்தையும் சேர்த்துப் பாருங்க. அட்டையில எழுத மறந்துட்டேன்."

கரிக்கடைக்காரன் பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. மேற்பார்வையாளர் பார்த்தார். இரண்டாம் பேனாவை எடுத்துப் பதினொன்றை அடித்துப் பத்து என்று எழுதினார். மூன்றாம் பேனாவை எடுத்து வேறொரு தாளில் பொத்தான்காரியின் பெயரை எழுதினார். அந்தப் பேனாவில் மை சிவப்பு.

"பத்து வரைக்கும் விதியில உண்டு. அடுப்பு இருக்கட்டும். ஆனா யார் எரிச்சதுன்னு தெரியாத பத்து. அதனால இன்னும் ஒரு மாசம் கண்காணிப்பு. இந்த மாசம் மன்னிப்பே கிடையாது. ஒண்ணு ஏறினாலும் அடுப்பு வண்டியில ஏறும்." பிறகு பொத்தான்காரியிடம், "நீங்க திங்கக்கிழமை ஆபீசுக்கு விளக்கத்தோட வாங்க. பட்டியலைப் பத்தி நான் இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

வண்டி போயிற்று. கரிக்கடைக்காரன் மூட்டையை அப்படியே விட்டுவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு கடைக்குப் போனான். தெருமுனை வரை மூன்று வீட்டுக் கடிகாரம் நின்றுபோயிற்று.

சாய்ப்பில் இரண்டு பெண்களும் நின்றார்கள். நடுவில் பெட்டி. பூனை திரும்பி வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்தது.

மருமகள் பூனையைப் பார்க்கவில்லை. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு நாத்தனாரின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"காலையிலேயே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நாள் பூரா என்னை வேக வச்சே."

"ஆமா."

"நீ ஒண்ணும் எனக்குப் பிச்சை போடல. உன் தப்பை நீ ஒத்துக்கிட்டே. அவ்வளவுதான்."

"உனக்காகச் செஞ்சேன்னு யாரு சொன்னது? அந்தப் பெட்டியைப் பார்க்க எனக்குப் பிடிக்கல. கண்ணு முன்னாடி வைக்காத, தூக்கிப் போடு."

"போட மாட்டேன்."

"வச்சுக்க. சுடுகாட்டுக்கு அழகா இருக்கும்."

பொத்தான்காரி போய்விட்டாள். பூனைக்கு வேலை போயிற்று. நேராகப் பேச ஆரம்பித்தபின் சண்டை முன்னைவிடக் கெட்டியாக இருந்தது. ஆனால் பதில் உடனுக்குடன் வந்தது.

மருமகள் பெட்டியை உள்ளே கொண்டுபோய், அடுப்பை எடுத்து ஜன்னலோரம் வைத்து, காலிப் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றினாள். பிறகு ஒரு பூட்டு எடுத்து வந்து சாய்ப்புக் கதவைப் பூட்டினாள். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றைத் தன் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். மற்றொன்றை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இந்த வீட்ல எனக்கு நம்பிக்கை உள்ளது நீங்க ஒருத்தர்தான், மாமா. அவரு கேட்டாலும் குடுக்காதீங்க. அவ கேட்டாலும் குடுக்காதீங்க. இன்னொரு தரம் அது எரிஞ்சா நான் மறுபடி தலையணை அடுக்கணும்."

"யாருக்கும் குடுக்க மாட்டேம்மா" என்று சத்தியம் செய்தேன். சாவி சட்டைப்பையில் இருக்கிறது. மழை வரும்போலிருக்கிறது, முழங்கால் இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டது.

அந்தப் பத்துச் சூடும் நான் போட்டவை.